பட்டியலில் ஏறாத முதுகு

ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் கரி சுமந்தவள் இசபெல்லா ரீட். வயது 12. ஒரு நடைக்கு 60 கிலோவுக்கு மேல் முதுகில் ஏற்றிக்கொண்டு, கெண்டைக்கால் அளவு தண்ணீரில் குனிந்தபடி போவதாக விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் சொன்னாள். அவளைப் போன்ற பெண்களும் சிறுமிகளும் கூடையின் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு, முதுகை வளைத்து ஏணி ஏறினார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலோ, இடுப்பில் பட்டை கட்டி, கால்களுக்கிடையே சங்கிலி விட்டு, குழந்தைகள் நான்கு கால் பிராணிபோலத் தவழ்ந்து கரி வண்டியை இழுத்தார்கள்.

இவையெல்லாம் 1842-ல் படங்களோடு விசாரணை அறிக்கையாக வெளிவந்தபோது பிரிட்டன் அதிர்ந்தது. அரைகுறை உடையோடு பெண்கள் ஆண்களுக்கு நடுவே வேலை செய்கிறார்களே என்பதுதான் பலருக்கும் பெரிய அதிர்ச்சி. அதே ஆண்டு வந்த சட்டம் பெண்களையும் 10 வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் நிலத்தடியிலிருந்து வெளியேற்றியது. வேலை செய்யும் விதம் மாறவில்லை.

கரி அடுக்கு எவ்வளவு உயரமோ, தொழிலாளிக்கும் அவ்வளவுதான் இடம். இரண்டடி, மூன்றடி உயர அடுக்குகளில் மண்டியிட்டோ, ஒருக்களித்துப் படுத்தோதான் குந்தாலியை வீச முடியும். 1936-ல் வடஇங்கிலாந்தில் சுரங்கத்துக்குள் இறங்கிய எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் நல்ல உயரம். கரி வெட்டும் இடம் வரை குனிந்து போய்த் திரும்பியதற்கே அவருக்குச் சில நாள் கால்வலி. தொழிலாளிகளோ அந்தத் தூரத்தைத் தினமும் கடந்தார்கள், அதற்குக் கூலி கிடையாது. கூரை உத்தரங்களில் உரசி உரசி, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலும் அவர்களுக்குப் பொருக்கு தட்டியிருந்தது. அதற்கு ‘முதுகுப் பித்தான்’ என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள்.

சட்டத்தின் கண்ணுக்கு இது படவில்லை. தொழில்நோய்களுக்கும் இழப்பீடு தரும் சட்டம் பிரிட்டனில் 1906-ல் வந்தது. மறு ஆண்டே அதன் பட்டியலில் சுரங்கத் தொழிலாளிகளின் நோய்கள் சில சேர்ந்தன. மண்டியிட்டே வேலை செய்வதால் வீங்கிச் சீழ் வைக்கும் முழங்கால், அதேபோல் வீங்கும் கையும் முழங்கையும், மங்கலான விளக்கொளியில் வேலை செய்து செய்து கருவிழி நிலைகொள்ளாமல் ஆடும் கண்நோய். 1943-ல் கரித்தூசி நுரையீரல் நோயும் சேர்ந்தது. முதுகு மட்டும் சேரவில்லை.

காரணம் எளிது. வீங்கிய முழங்காலைத் தொட்டுப் பார்க்கலாம். முதுகுவலியோ குமாஸ்தாவுக்கும் வரும், குடும்பத்தலைவிக்கும் வரும். இது சுரங்கத்தால்தான் வந்தது என்று எப்படி நிரூபிப்பது?

அந்தக் கேள்வி நின்றுகொண்டிருந்தபோதுதான் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் லங்காஷயரின் சுரங்கத் தொழிலாளிகளையும் அலுவலக ஊழியர்களையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார்கள். 1952-ல் முடிவு வெளியானது. தொழிலாளிகளின் முழங்கால் மூட்டும், கீழ்முதுகின் தட்டுகளும் அதிகமாகத் தேய்ந்திருந்தன. இதே இருவர் 1957-ல் வகுத்த தரவரிசைதான், இன்று நம்மூர் எலும்பு மருத்துவரும் மூட்டுத் தேய்மானத்தை ‘கிரேடு 2’, ‘கிரேடு 3’ என்று குறிக்கப் பயன்படுத்துவது.

ஜெர்மனி 1993-ல் பாரம் தூக்குதலாலும் நீண்டநாள் குனிந்து செய்யும் வேலையாலும் வரும் கீழ்முதுகுத் தட்டு நோயைத் தொழில்நோயாக ஏற்றது. பிரிட்டன் முழங்காலோடு நின்றுகொண்டது. நிலத்தடியில் குறைந்தது 10 ஆண்டு வேலை பார்த்தவர்களின் மூட்டுத் தேய்மானத்தை 2009-ல் பட்டியலில் சேர்த்தது. அப்போது எக்ஸ்ரே சான்று கிடைத்து அரை நூற்றாண்டு தாண்டியிருந்தது. காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

2015 டிசம்பரில் யார்க்‌ஷயரின் கெல்லிங்லி சுரங்கம் மூடப்பட்டதோடு பிரிட்டனில் ஆழ்நிலக்கரிச் சுரங்கத் தொழிலே முடிந்தது. ஆனால் அங்கே உழைத்தவரின் கணக்கு நேராகவில்லை: ஒரே ஆள், ஒரே சுரங்கம், ஒரே குனிதல். அவருடைய முழங்காலுக்கு இழப்பீடு உண்டு, முதுகுக்குக் கிடையாது. நிரூபிக்கும் சுமையையும் வலி சுமப்பவன் தலையிலேயே ஏற்றும் சட்டம் எந்த நாட்டில் இருந்தாலும் அது நியாயமான சட்டம் அல்ல.