ஆறு யூனிட்கூட இல்லை: இசட் இயந்திரத்தின் கணக்கு

உலகின் எல்லா மின் நிலையங்களும் சேர்ந்து தருவதைவிடப் பல மடங்கு திறனை ஓர் ஆய்வகக் கருவி வெளியிடுகிறது என்ற செய்தியை இணையத்தில் அவ்வப்போது பார்க்கிறோம். செய்தி பொய்யல்ல. ஆனால் அங்கே மின்சாரம் கொட்டிக் கிடக்கிறது என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

அந்தக் கருவியின் பெயர் இசட் இயந்திரம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகர்க்கி நகரின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் இருக்கிறது. ஒரு சோதனைக்காக அதில் சேமிக்கப்படும் ஆற்றல் சுமார் 2 கோடி ஜூல். நம் வீட்டு மின் கட்டணக் கணக்கில் ஆறு யூனிட்கூட வராது. இரவில் ஏசி ஓடினால் ஆகிற செலவுதான்!

வித்தை நேரத்தைச் சுருக்குவதில் இருக்கிறது. மின்விசிறியில் கன்டென்சர் பார்த்திருப்போம். அந்த இனத்தைச் சேர்ந்த, மிகப் பெரிய மின்தேக்கிகள் அங்கே 2,160 உள்ளன. அவற்றைப் பக்க இணைப்பில் மெதுவாக மின்னேற்றி, பிறகு ஒரே கணத்தில் தொடர் இணைப்புக்கு மாற்றுகிறார்கள். எல்லாவற்றின் மின்னழுத்தமும் ஒன்றாகக் கூடிவிடுகிறது. ஜெர்மானியப் பொறியாளர் எர்வின் மார்க்ஸ் 1924இல் கண்ட வழி இது. அடுத்த கட்டங்களில் அந்த மின்துடிப்பை இன்னும் சுருக்குகிறார்கள். அங்கே மின்காப்பாக இருப்பது தண்ணீர்! அயனிகள் நீக்கப்பட்ட தூய நீர் என்பதால் அந்தச் சிறு கணத்துக்குத் தாங்கிக்கொள்கிறது. முடிவில், ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் சுமார் 2.6 கோடி ஆம்பியர் மின்னோட்டம் மையத்தை அடைகிறது.

மையத்தில் தலைமுடியைவிட மெல்லிய டங்ஸ்டன் கம்பிகள் நூற்றுக்கணக்கில் உருளை வடிவில் நிற்கும். ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்பது நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பதுதான். கம்பிகள் ஆவியாகிப் பிளாஸ்மாவாக மாறி, உள்நோக்கி இழுக்கப்பட்டு மோதுகின்றன. எக்ஸ் கதிர் வெள்ளமாக வெளிப்படுகிறது. எஃகுக் கம்பிகளைக் கொண்டு செய்த சோதனையில் வெப்பநிலை 200 கோடி டிகிரியைத் தாண்டியதாக 2006இல் அறிவித்தார்கள். ஒவ்வொரு முறையும் மையப் பகுதி சிதைந்துபோகும். மாற்றி அமைத்த பிறகே அடுத்த சோதனை.

கோள்களின் உட்பகுதி நிலைமைகளையும் அணுக்கரு இணைவையும் இங்கே ஆராய்கிறார்கள். ஆனால் முதன்மையான வேலை அணு ஆயுதம் சார்ந்தது. 1992இல் நிலத்தடி அணுவெடிப்புச் சோதனைகளை அமெரிக்கா நிறுத்தியது. கையிருப்பிலுள்ள ஆயுதங்கள் செயல்படும் நிலையில் உள்ளனவா என்பதை வெடிக்காமல் கணிக்க இத்தகைய கருவிகளின் தரவு தேவைப்படுகிறது. வியப்பூட்டும் செய்திகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்தப் பகுதிதான். இணைவு வழியே மின்சாரம் என்ற கனவைப் பொறுத்தவரை, உள்ளே செலுத்திய ஆற்றலைவிடக் கூடுதலாக இக்கருவி இன்னும் திருப்பித் தரவில்லை.