இளமையை நினைந்த புலவர்

இளமை நினைவைப் புலவர் எவ்வாறு பாடினர் என்று வினவுவோர்க்குப் புறநானூறே முதல் விடை தருகின்றது. 1894ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த அந்நூலின் 243ஆம் பாட்டைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். முதுமையில் தாம் ஊன்றிய பூணிட்ட கோலைக் குறித்த தொடரே அவருக்குப் பெயராயிற்று.

மணலிற் பாவை செய்து பூச்சூட்டியதை அவர் நினைக்கிறார். மகளிரோடு கைகோத்துப் புனலாடியதையும், நீர்மேல் தாழ்ந்த மருதக் கிளையிலேறிக் கரையோர் வியக்கக் குதித்து, மடுவின் அடிமணலை அள்ளி வந்ததையும் நினைக்கிறார். இன்றோ, இருமலுக்கிடையே சில சொற்களே எழுகின்றன. அவ்விளமை எங்குற்றதென இரங்குகிறார். இறந்த தலைவர்க்கு இரங்கும் கையறுநிலை என்னும் துறையிலேயே முன்னோர் இப்பாட்டையும் அடக்கினர். இளமையின் மறைவும் ஓர் இறப்பே எனக் கொண்டனர் போலும்!

பறம்புமலையை இழந்த பாரி மகளிர் பாடிய 112ஆம் பாட்டும் அத்துறையினதே. அங்கே மாறியது காலமன்று, வாழ்வு. அதே நிலவு காய்கின்றது. தந்தையும் இல்லை, குன்றும் இல்லை.

1910இல் வெளிவந்த தம் சுயசரிதையில் பாரதியார் வேறொன்று கூறுகிறார். ஐந்து வயதில் தாயை இழந்ததையும், தெருவில் ஆடும் சிறுவரோடு கூடாது தனித்து வருந்தியதையும் அவர் மறைக்கவில்லை. கிட்டாத விளையாட்டும் கவிஞனின் நினைவில் நிலைத்துவிடுகின்றது.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் நமக்கு இவற்றால் பெறப்படுவது யாது? பிழைப்பு நாடிக் கப்பலேறி வந்தோரும், 1964ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கையின்படித் தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பெற்றோரும் பாரி மகளிரைப் போல் விட்டு வந்த ஊரையே நினைந்தனர். அது இயல்பே. ஆயினும் இங்குப் பிறந்த நம் மக்களுக்கு அவ்வூர் கேள்விப்பட்ட கதை. அவர்கள் மூழ்கி அள்ளும் மணல் இத்தீவுக் கடலின் மணல்.

இந்தியே பொதுமொழியாய் வழங்கும் இத்தீவுகளில், அம்மணலைத் தமிழில் நினைக்க அவர்களுக்குச் சொல் வேண்டும். நம் ஏக்கத்தை அவர்கள்மேல் ஏற்றுதல் வேண்டா. சங்கையும் பவளத்தையும் அலையையும் அவர்கள் காணும்போதே தமிழ்ப் பெயரால் சுட்டிக்காட்டுவோம். மருதமரம் இல்லாத கரையிலும் அம்முதுபுலவரின் மடு உண்டு. அதைப் பாடும் மொழியை வீட்டிலேயே வழங்குவது நம் கடன்.