ரம்மும் பேரேடும்: பிராவிடன்ஸ் பிரௌன் குடும்பத்தின் வணிகக் கணக்குகள்

18-ஆம் நூற்றாண்டில் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் துறைமுகத்தில் கப்பல் வணிகத்தையும் ரம் வணிகத்தையும் இணைத்து நடத்தியவர்கள் பிரௌன் குடும்பத்தினர். ஜேம்ஸ் பிரௌனும் அவர் தம்பி ஒபதையாவும் வளர்த்த தொழில், 1762-இல் ஒபதையா மறைந்தபின் ஜேம்ஸின் மக்களான நிக்கோலஸ், ஜோசப், ஜான், மோசஸ் ஆகிய நால்வர் கைக்கு வந்தது. ‘நிக்கோலஸ் பிரௌன் அண்ட் கம்பெனி’ என்ற பெயரில் அவர்கள் வைத்த கணக்குகளும் கடிதங்களும் இன்று ஜான் கார்ட்டர் பிரௌன் நூலகத்தில் உள்ளன. ஒரு குடும்பத்தின் வரவு செலவோடு ஒரு கடல் வணிக முறையின் உள்ளமைப்பையும் அவை காட்டுகின்றன.

மொலாசஸும் வாலையும்

ரோட் ஐலண்ட் சிறிய நிலப்பகுதி. இங்கிலாந்திலிருந்து வரும் துணிக்கும் இரும்புச் சாமான்களுக்கும் ஈடாக அனுப்பத்தக்க விளைபொருள் அங்கே குறைவு. ஆகவே வணிகர்கள் குதிரை, மரப்பலகை, உப்பிட்ட மீன் ஆகியவற்றைக் கரீபியன் தீவுகளுக்கு அனுப்பி, கரும்பாலைகளில் சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் மொலாசஸை ஏற்றிவந்தனர். பிரெஞ்சுத் தீவுகளில் அது மலிவு. தன் நாட்டுப் பிராந்திக்குப் போட்டி வராதபடி பிரான்ஸ் ரம்மைத் தடுத்து வைத்திருந்ததே காரணம். வெளிநாட்டு மொலாசஸுக்குக் கேலனுக்கு 6 பென்ஸ் வரி விதித்த 1733-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது.

ஊருக்கு வந்த மொலாசஸ் வடிசாலைக்குப் போகும். தொட்டியில் நீர் கலந்து சில நாள் புளிக்கவிட்டு, செம்பு வாலையில் காய்ச்சி, குளிர்நீர்த் தொட்டிக்குள் அமைந்த சுருள்குழாய் வழியாக ஆவியைக் குளிர்வித்து இறக்குவார்கள். அதை மறுமுறை வடித்தால் கடுமை கூடிய ரம் கிடைக்கும். ஏறத்தாழ ஒரு கேலன் மொலாசஸுக்கு ஒரு கேலன் ரம் என்பதே பொதுவான கணக்கு.

வரியைக் கேலனுக்கு 3 பென்ஸாகக் குறைத்துக் கண்டிப்புடன் வசூலிக்க 1764-இல் பிரிட்டன் முனைந்தபோது, ரோட் ஐலண்ட் எழுதிய முறையீடு தொழிலின் அளவைக் கூறுகிறது. ஆண்டுக்கு இறங்கும் மொலாசஸ் 14,000 பெரும் பீப்பாய். அதில் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து வருவது 2,500 மட்டுமே. வடிசாலைகள் முப்பதுக்கு மேல். ஆண்டுதோறும் 18 கப்பல்கள் 1,800 பீப்பாய் ரம்முடன் ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றன.

கணக்கு வைத்த முறை

அன்றாட நடப்பு முதலில் நாளேட்டில் பதியும். பிறகு குறிப்பேட்டில் ஒழுங்குபட்டு, ஆள்வாரியாகப் பேரேட்டுக்கு ஏறும். காசு அரிதாக இருந்ததால் பேரேடே பணத்தின் வேலையைச் செய்தது. பீப்பாய் செய்தவர் கூலிக்குப் பதில் ரம் எடுத்துக்கொள்வார். விறகு தந்த உழவர் துணி வாங்கிக்கொள்வார். இரு பக்கத்தையும் பின்னர் நேர்செய்வார்கள். நியூ இங்கிலாந்தில் ஒரு ஸ்பானிய டாலருக்கு 6 ஷில்லிங் என்ற மதிப்பு இருந்தது. மதிப்பிழந்த பழைய காகிதப் பணமும் கூடவே புழங்கியதால் கணக்கர் மாற்று மதிப்பையும் எழுத வேண்டியிருந்தது.

‘சாலி’யின் கணக்குப் புத்தகம்

1736-இல் ஜேம்ஸ் பிரௌன் அனுப்பிய ‘மேரி’, பிராவிடன்ஸிலிருந்து அடிமை வணிகத்துக்குப் புறப்பட்ட முதல் கப்பல். 1764 செப்டம்பரில் அவர் மக்கள் ‘சாலி’யை அனுப்பினர், தலைவர் எசெக் ஹாப்கின்ஸ். அதில் ஏற்றிய ரம் 17,274 கேலன். அதோடு மெழுகுவத்தி, வெங்காயம், மாவு. கைவிலங்குகளும் கால்விலங்குகளும் சரக்குப் பட்டியலில் உண்டு.

மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மாதக்கணக்கில் தங்கி, ஹாப்கின்ஸ் 196 பேரை வாங்கினார். ரம் இத்தனை கேலன் என்று எழுதிய அதே கையால் இறந்தவர்களையும் அவர் வரிசை எண்ணிட்டு எழுதினார்: ஆண், பெண், சிறுவன், சிறுமி என்பதே அடையாளம், பெயர் இல்லை. 1765 ஆகஸ்ட் 28-இல் அடிமைகள் எழுந்தனர், எண்மர் கொல்லப்பட்டனர். அதன்பின் நோயாலும், உண்ண மறுத்தும் மேலும் பலர் இறந்தனர். மொத்தம் குறைந்தது 109 பேர் மாண்டனர். எஞ்சியோர் அக்டோபரில் ஆன்டிகுவாவில் குறைந்த விலைக்கு விற்கப்பட்டனர். உரிமையாளர்களின் ஏட்டில் அது நட்டக் கணக்கு.

தொழில் மாறிய விதம்

அதன்பின் நிக்கோலஸ், ஜோசப், மோசஸ் மூவரும் அடிமைக் கப்பல் அனுப்பவில்லை. திமிங்கிலக் கொழுப்பு மெழுகுவத்தியும், 1765-இல் தொடங்கிய ‘ஹோப்’ இரும்பு உலையும் முதன்மை பெற்றன. மோசஸ் 1773-இல் தம் அடிமைகளை விடுவித்து, குவேக்கர் சமயத்தில் சேர்ந்து, அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடினார். ஜான் அவ்வணிகத்தை விடாமல் வாதாடி, அடிமை வணிகத்துக்கு எதிரான 1794-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குக்குள்ளாகி ‘ஹோப்’ என்ற கப்பலை இழந்தார்.

1787 இறுதியில் ஜானின் ‘ஜெனரல் வாஷிங்டன்’ கப்பல் கீழ்த்திசைக்குப் புறப்பட்டது. சென்னையிலும் புதுச்சேரியிலும் நின்று கான்டன் சென்று, 1789-இல் திரும்பியது. அதன் சரக்கிலும் நியூ இங்கிலாந்து ரம் இருந்தது. 1790-இல் மோசஸின் முதலீட்டால் சாமுவேல் ஸ்லேட்டர் பாட்டக்கெட்டில் நீராற்றலால் பஞ்சு நூற்றார்.

2003-இல் பிரௌன் பல்கலைக்கழகம் அமைத்த குழு, இக்குடும்பத்துக்கும் அடிமை வணிகத்துக்கும் இருந்த தொடர்பை ஆராய்ந்து 2006-இல் அறிக்கை வெளியிட்டது. ‘சாலி’யின் கணக்குப் புத்தகம் அதன் முக்கியச் சான்றுகளுள் ஒன்று. லாப நட்டம் அறிய எழுதப்பட்ட அந்த ஏடே, பெயரில்லாமல் மாண்ட 109 பேர் வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது.