இடிக்கிறதுக்கு முன்னால அளந்து வச்சோம்



திட்டக்குடிக்குப் பக்கத்தில், வெள்ளாற்றங்கரை கிராமத்தில் எங்கள் வீடு இருக்கிறது. திண்ணை, நடை, நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம் என்று அந்தக் காலத்துத் தொட்டிக்கட்டு வீடு. போன மழையில் ஒரு பக்கச் சுவர் இறங்கிவிட்டது. இடித்துவிட்டு காங்கிரீட் வீடு கட்டலாம் என்று முடிவானது. குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "அது எத்தனை வருஷத்து வீடு?" என்று ஒரு அக்கா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பெரிய மாமாவைக் கேட்டால் "இருநூறு வருஷம் இருக்கும்" என்கிறார். எங்க அத்தையோ, "யாரு கண்டா, நான் வாக்கப்பட்டு வரும்போதே பழைய வீடுதான்" என்கிறார்.

அப்போதுதான், களப்பயணமாக முட்டுக்காடு தட்சிணசித்திராவுக்குப் போனது ஞாபகம் வந்தது. 1996இல் திறந்த இடம் அது. செட்டிநாட்டு வணிகர் வீடு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு, குயவர் வீடு எல்லாம் அங்கே இருக்கிறது. இடிக்கப்போகிற பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து எடுத்து வந்து, அந்தந்த ஊர்க் கைவினைஞர்களை வைத்தே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நம்மால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அளந்து எழுதி வைக்கலாமே என்று தோன்றியது. டேப், கணக்கு நோட்டு, செல்போன் சகிதம் எங்கள் குழுவில் ஆறு பேர் இறங்கினோம்.

முதலில் சுவர். முன்கட்டுச் சுவர் வெறும் மண். கை முழத்துக்கும் மேலான கனம். பின்பக்க அடுப்படிச் சுவர் செங்கல். கனம் பாதிகூட இல்லை. இரண்டும் சேருகிற மூலையில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக விரிசல். ஒன்றாகக் கட்டியிருந்தால் கல்லும் மண்ணும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் போயிருக்கும். கோக்காமல் ஒட்டி நின்றால் ஒன்று பிறகு வந்தது என்று அர்த்தம்.

அடுத்தது கூரை. திண்ணைக்கு மேலே பனஞ்சட்டமும் நாட்டு ஓடும். கூடத்துக்கு மேலே சீமை ஓடு. மங்களூரில் சீமை ஓடு செய்கிற முதல் தொழிற்சாலையை பாசல் மிஷன்காரர்கள் 1865இல் ஆரம்பித்தார்கள். அப்படியானால் கூடத்துக் கூரை அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. "பெண்ணாடம் ஸ்டேஷன்ல ரயில்ல வந்த ஓடு, அங்கேருந்து மாட்டு வண்டியில கொண்டாந்தாங்க" என்று பெரிய மாமா தன் அப்பா சொன்னதைச் சொன்னார். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், பெண்ணாடம் வழியாகத் திருச்சிக்குப் போகிற ரயில் பாதை வந்ததே 1920களின் கடைசியில்தான். அவர் சொன்ன சேதி சரியென்றால், கூடத்துக் கூரைக்கு வயது நூறுகூட ஆகவில்லை.

அடுப்படியில் சிமெண்ட் பூச்சு. "டால்மியாபுரத்து சிமெண்ட்டு" என்றார் அத்தை. அந்த ஆலை 1939இல் வந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய தூணும் கதவும் வேறு வீட்டிலிருந்து வந்து சேர்ந்திருக்கலாம். அதனால் ஒரு பொருளை மட்டும் பார்த்து வீட்டுக்கு வயது சொல்லிவிடக் கூடாது. சுவர், கூரை, காகிதம், பெரியவங்க பேச்சு நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.

காகிதத்துக்கு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பழைய கிரயப் பத்திரம் ஒன்று, நத்தம் பட்டா, வீட்டு வரி ரசீதுகள். பத்திரத்தில் "கூரை வீடும் காலிமனையும்" என்று எழுதியிருந்தது. ஆக, இந்த மண்சுவர்மேல் முதலில் ஓடே இல்லை, கீற்றுதான் வேய்ந்திருந்தார்கள். நான்கெல்லை விவரத்தில் அன்றைக்கு அக்கம்பக்கம் யார் குடியிருந்தார்கள் என்பதும் தெரிந்தது. பெரிய மாமாவின் இருநூறு வருஷத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் கீற்று, நாட்டு ஓடு, சீமை ஓடு, சிமெண்ட் என்று வீடு வளர்ந்த வரிசை கிடைத்தது.

எல்லாக் காகிதத்தையும் தரையில் பரப்பிப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. அதில் இருந்த பெயர் அத்தனையும் ஆம்பளைங்க பெயர். அந்த அடுப்படியைக் கட்டினது எங்க அத்தை. மாடு கறந்து பால் ஊற்றிய காசில் செங்கல் வாங்கி, கொத்தனாருக்குத் தானே சித்தாளாக நின்று கட்டியிருக்கிறார். "அதை யாரு எழுதப்போறா" என்று சிரித்தார். மாடத்தில் விளக்கு வைத்த கரி இருக்கிறது, அம்மி நகர்ந்த தேய்மானம் தரையில் இருக்கிறது. காகிதத்தில் மட்டும் அவர் இல்லை.

சட்டமும் நமக்கு மெதுவாகத்தான் வந்தது. சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சொத்தில் மனைவிக்கும் மகளுக்கும் பங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. தர்மபுரியில் நம்ம சுய உதவிக் குழுக்கள் தொடங்கிய வருஷமும் அதுதான். ஆனால் அதற்கு முன்னால் கல்யாணமானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005இல் மத்திய சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் கல்யாணமான மகள்களுக்கும் அந்த உரிமை என்றானது.

வீட்டு வரைபடத்தை ஒரு சார்ட்டில் வரைந்தோம். ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் எப்போது வந்தது, எதை வைத்துச் சொல்கிறோம் என்று குறித்தோம். அடுப்படிக்கு நேரே அத்தையின் பெயரை எழுதினோம். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "குதிர் இருந்த எடத்த விட்டுட்டீங்களே" என்று விரலை வைத்துக் காட்டினார். அதையும் சேர்த்தோம்.

புது வீடு என் பெயரிலும் என் வீட்டுக்காரர் பெயரிலும் கூட்டாக இருக்கணும் என்று குடும்பத்தில் பேசி முடித்திருக்கிறோம்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இடிக்கப்போகிற வீடு இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். அளந்து, படம் எடுத்து, வயதானவங்க சொல்வதை அன்றைக்கே எழுதிவிடுங்கள். பத்திரத்தையும் பட்டாவையும் நகல் எடுத்து வையுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருதரம் பாருங்கள்.