எண்ணெய்த் தேக்க நிரம்பல் மாதிரி

நிலத்தடிப் பாறைத் துளைகளில் பெட்ரோலியம் எப்போது, எவ்வழியே வந்து சேர்ந்தது, சேர்ந்தபின் எவ்வளவு கலந்தது என்பதைக் கணினியில் கணித்துப் பார்க்கும் முறை. தமிழ்நாட்டில் இதற்குரிய களம் காவிரிப் படுகை.

நிலவியல் பின்னணி: காவிரிப் படுகைக்கு வெளியே உள்ள திருவண்ணாமலைப் பகுதி தொன்மையான படிகப் பாறைகளால் ஆனது. கரிமப் பொருள் நிறைந்த படிவுகள் அங்கு இல்லாததால் எண்ணெய் உருவாக வழியில்லை. காவிரிப் படுகையிலும் அடித்தளம் இத்தகைய தொல்பாறையே. ஆனால் கோண்டுவானா நிலப்பரப்பு பிளந்தபோது அது பள்ளங்களும் முகடுகளுமாக உடைந்தது. பள்ளங்களில் கிரெட்டேசியஸ் காலத்தில் படிந்த ஆண்டிமடம் அடுக்கும் சாத்தப்பாடிக் களிப்பாறையும் எண்ணெயின் மூலப்பாறைகள் ஆயின. இப்படுகையிலுள்ள மாதானத்தில் அடித்தளப் பாறையின் விரிசல்களிலேயே எண்ணெய் கிடைத்துள்ளது.

நிரம்பல்: படிவுகள் எவ்வளவு ஆழத்தில் புதைந்தன, எவ்வளவு சூடேறின என்பதை மாதிரி முதலில் கணக்கிடும். ஏறத்தாழ 60 முதல் 120 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் மூலப்பாறை எண்ணெயை வெளிவிடும். நீரைவிட இலேசான எண்ணெய் மணற்பாறைத் துளைகள், பிளவுகள் வழியே மேலேறி, மூடுபாறை தடுக்கும் இடத்தில் தேங்கும். நில அதிர்வு அலை ஆய்வு, கிணற்றுப் பதிவுகள், பாறை மாதிரிகள் ஆகியவை கணக்குக்கு வேண்டிய தரவுகளைத் தருகின்றன.

கலத்தல்: தேக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்து நிரம்பும். பின்னால் வரும் எண்ணெய் அதிகம் முதிர்ந்தது. முன்பு வந்ததை அப்பால் தள்ளும். அழுத்த வேறுபாடு விரைவில் சமமாகும். அடர்த்தி வேறுபாட்டால் நிகழும் கலப்பு அதைவிட மெதுவானது. மூலக்கூறுகள் விரவுவதோ மிக மெதுவானது. விரவும் தூரம் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். கிலோமீட்டர் கணக்கில் பரந்த எண்ணெய் வயலில் அது கோடிக்கணக்கான ஆண்டுகள்.

பயன்: கலக்கப் போதிய காலம் இருந்தும் இரு கிணறுகளின் எண்ணெய் வேறுபட்டால், இடையில் எண்ணெயைக் கசியவிடாத பிளவு உண்டா என்று ஆராய்வர். எனினும் புவியீர்ப்பும் வெப்பமும் ஒரே தேக்கத்திலும் ஆழத்துக்கேற்ப எண்ணெயின் கூறுகளை மாற்றும். ஆகவே வேறுபாடு மட்டுமே சான்றாகாது. அழுத்த அளவீடும் வேண்டும். தேக்கம் ஒன்றா பலவா என்பதைப் பொறுத்தே கிணறுகளின் எண்ணிக்கையும் இடமும் முடிவாகும்.

தற்போதைய நிலை: 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தைத் தடை செய்தது. முன்பே நடந்துவந்த பணிகளுக்கு அத்தடை பொருந்தாது.