கல்வி கடினமா, கதவு கடினமா?

மருத்துவக் கல்வி மலை, கலைக் கல்லூரிக் கல்வி மணல்மேடு என்று கூறுவோர் உளர். "அது எல்லோருக்கும் வராது, தம்பி! அதற்கென்றே பிறந்த மூளை வேண்டும்" என்று அறிவுரைபோல் தொடங்கி, அச்சுறுத்தலாய் முடிப்போரும் உளர். திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் கை காய்த்துப்போன தந்தையின் மகன், சின்னாளப்பட்டித் தறியருகே கண் மங்கிய தாயின் மகள், நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் பூப்பறித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவரும் பிள்ளை: இவர்கள் காதில்தான் இந்தப் பேச்சு ஓயாமல் விழுகிறது. வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளையிடம், "மூளை உண்டா?" என்று எவரும் கேட்பதில்லை, "எந்தக் கல்லூரி?" என்றுதான் கேட்கிறார்கள்!

மருத்துவக் கல்வி கடினமானதுதான். அதை மறுப்பது மடமை. ஆனால் வரலாற்றின் ஏடுகளைப் புரட்டுவோருக்கு இன்னொன்றும் தெரியும். கல்வி எவ்வளவு கடினமோ, அதைவிடக் கடினமாக்கப்பட்டது அக்கல்விக்கூடத்தின் கதவு. பாடத்தைக் கடினமாக்கியது அறிவியல். கதவைக் கடினமாக்கியவர்கள் மனிதர்கள். இரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவதால்தான், உள்ளே நுழைய விடப்படாதவன் "எனக்கு அறிவில்லை போலும்" என்று தன்னையே நொந்துகொள்கிறான்.

முதலில் பாடத்தின் கடினத்தை அளந்து பார்ப்போம். நான் வரலாறு படித்துக் கலைப்பட்டம் பெற்றவன். பள்ளியில் வரலாறு கற்பிப்பவன். எங்கள் இளங்கலைப் படிப்பு மூன்றாண்டு. ஒரு தாளில் தவறினாலும் அதைச் சுமந்துகொண்டே அடுத்த பருவத்துக்குப் போகலாம். "எவையேனும் ஐந்தனுக்கு விடை தருக" என்னும் வாசகம் எங்களுக்கு வாய்த்த வரம்! அசோகனைக் கற்றவன் அக்பரை விட்டுவிடலாம். கல்லீரலைக் கற்ற மருத்துவ மாணவன் சிறுநீரகத்தை விட்டுவிட இயலுமா? வினாத்தாள் விருப்பத்துக்கு இடம் தரும், நோய் தருமா?

மருத்துவப் பட்டத்துக்கு நான்கரை ஆண்டுப் படிப்பு, அதன்மேல் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்பன முதற்கட்டம். அதில் தேறாதவன் அடுத்த கட்டத்தில் அடியெடுத்து வைக்க முடியாது. பின்னர் நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல். அதன் பின் சட்ட மருத்துவம், சமூக மருத்துவம், கண், காது மூக்குத் தொண்டை. இறுதியில் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம். மனித உடலில் எலும்புகள் மட்டும் 206. ஒவ்வொன்றின் மேட்டையும் பள்ளத்தையும், அதில் பற்றி நிற்கும் தசையையும், அதை ஒட்டி ஓடும் நரம்பையும் அறிந்தாக வேண்டும். எழுத்தில் தேறினால் போதாது. நோயாளியின் படுக்கையருகே நின்று, தொட்டும் தட்டியும் கேட்டும் ஆய்ந்து, ஆசிரியர் தொடுக்கும் வினாக்களுக்கு அங்கேயே விடை கூற வேண்டும்.

ஆயினும் கூர்ந்து நோக்குங்கள். அங்குள்ள செய்திகளைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், பிறருக்கு விளங்காத மந்திரமல்ல அவை. அவற்றின் அளவு பெரிது; இடைவெளி சிறிது; பொறுப்போ மிகப் பெரிது. ஆகவே அங்கே வேண்டுவது உழைப்பு, ஒழுங்கு, நினைவு, நிதானம். உழைப்பு எந்தக் குலத்தின் தனியுடைமை? நிதானம் எந்த வீட்டின் நிலவறையில் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது?

இந்தக் கல்வி இவ்வளவு விரிந்தது எப்படி? ஏட்டை நம்புவதை விட்டுக் கண்ணை நம்பியதால்! உரோமப் பேரரசின் மருத்துவர் காலென், குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து மனித உடலைப் பற்றி எழுதினார். பெரியவர் எழுதியது பிழையாகுமோ என்று ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பா அதை ஓதிவந்தது. பதுவா நகரின் வெசாலியசு என்னும் இளைஞர் மனித உடலையே அறுத்துப் பார்த்தார். 1543இல் நூல் வெளியிட்டு, காலெனின் பிழைகளை அடுக்கிக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 28.

நம் நாட்டிலோ, பிணத்தைத் தொட்டால் தீட்டு! அந்தத் தீட்டைத் துணிந்து உடைத்தவர் கல்கத்தாவின் மதுசூதன குப்தர். சமஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்தவர் அவர். 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் கத்தியெடுத்து மனித உடலை அறுத்தார். அன்று அறுபட்டது உடல் மட்டுமன்று. நூற்றாண்டுகளாய்க் கட்டியிருந்த மூடக் கயிறும்தான்.

அறுக்கப்பட்ட உடல்கள் எவருடையவை? இங்கிலாந்தின் 1832ஆம் ஆண்டு உடற்கூற்றுச் சட்டம், உரிமை கோருவோரற்ற உடல்களைக் கல்விக்குத் தரலாம் என்றது. ஏழை விடுதிகளில் இறந்தோரே அவர்கள். சென்னை மாகாணத்திலும் 1951இல் அத்தகைய சட்டம் வந்தது. இன்று மனமுவந்து உடற்கொடை செய்வோர் இருக்கின்றனர், அவர்களை வணங்குவோம். ஆனால் நெடுங்காலம் மருத்துவ மாணவனின் முதற்புத்தகமாய்க் கிடந்தவன் ஏழை. பொது மருத்துவமனையின் இலவசப் படுக்கையில் கிடந்து, பத்து மாணவர் தொட்டுப் பார்க்க உடலைத் தந்து பாடம் கற்பித்தவனும் ஏழை. புத்தகமாய் இருக்க அவனுக்குத் தடையில்லை, அவன் மகன் புத்தகத்தைப் படிக்க வந்தால் மட்டும், "தகுதி எங்கே?" என்ற கேள்வி!

கதவுகளின் கதைக்கு வருவோம். சென்னையில் 1835இல் மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. 1850இல் அது கல்லூரி ஆயிற்று. பெண்கள் அதனுள் நுழைய 1875 வரை காத்திருக்க நேர்ந்தது. மேரி ஷார்லீப் உள்ளிட்ட நால்வர் அவ்வாண்டு சேர்ந்தனர். புதுக்கோட்டையில் தேவதாசி மரபில் வந்த தாய்க்கு மகளாய்ப் பிறந்த முத்துலட்சுமி, மன்னர் கல்லூரியில் ஆண்களோடு அமர்ந்து படிப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் இசைந்ததால் இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவரானார். பாடம் அவருக்குத் தடையாகவில்லை. படியேறுவதற்குத்தான் அரசாணை வேண்டியிருந்தது. அவர் முயற்சியின் பயனாய்த் தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தது. அடையாற்றின் புற்றுநோய் மருத்துவமனை 1954இல் எழுந்தது.

நம் ஊருக்கு அருகிலேயே இன்னொரு சான்று உண்டு. டாக்டர் சௌந்தரம் செல்வம் கொழிக்கும் டி.வி.எஸ். குடும்பத்தில் 1904இல் பிறந்தவர். பதினான்கு வயதில் மணம், இளமையிலேயே கைம்மை. கைம்பெண் மூலையில் ஒடுங்குவதே முறை என்ற நாளில், அவர் தில்லி லேடி ஹார்டிஞ்சு கல்லூரியில் பயின்று 1936இல் மருத்துவரானார். 1947இல் சின்னாளப்பட்டிக்கருகே காந்திகிராமம் அவராலும் அவர் மறுமணம் செய்துகொண்ட ஜி.இராமச்சந்திரனாலும் தொடங்கப்பட்டது. இவ்வட்டாரத்துத் தாய்மார் எத்தனையோ பேர் அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனையில் பிள்ளை பெற்றனர். 'அமங்கலம்' என்று ஊர் ஒதுக்கும் கைகள், ஆயிரம் உயிர்களை உலகுக்கு அழைத்துவர உதவும் கைகளாயின! செல்வர் வீட்டுப் பெண்ணுக்கே இத்தனை தடையென்றால், கூலிக்காரன் மகளுக்கு?

அடுத்த கதவு மொழி. திண்டுக்கல்லில் ஆங்கில மருத்துவம் பரவியதில் அமெரிக்க மதுரை மிஷனுக்குப் பங்குண்டு. அந்த மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களால் தொடங்கப்பட்டது. அதே யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, 60க்கும் மேற்பட்டோரை மருத்துவராக்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றோர் அரசுப் பதவியையும் நகரத்தையும் நாடினர். சிற்றூர் நோயாளி சிற்றூரிலேயே கிடந்தான். ஆகவே 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியியல் நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொற்களைத் தேடித்தேடித் தொகுத்தார். அவரிடம் பயின்றோருள் ஏறத்தாழ பாதிப்பேர் தமிழில் பயின்றவர்கள். தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமா என்று இன்றைக்கும் ஐயுறுவோர் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது! 1873இல் அவர் தாயகம் திரும்பினார், 1884இல் மறைந்தார். முயற்சி மட்டும் தொடராமற் போயிற்று.

மூன்றாவது கதவு, 'தரம்' என்னும் பெயர் தாங்கியது. தரம் வேண்டும், அரைகுறை மருத்துவன் அறியாமையைவிடக் கொடியவன். ஆனால் தரத்தை உயர்த்துகையில் எவர் தலைமீது கதவு சாத்தப்படுகிறது என்றும் பார்க்க வேண்டாமா? 1910இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர், அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து அறிக்கை தந்தார். போலிப் பள்ளிகள் பல மறைந்தன, நல்லதே. ஆனால் கறுப்பின மக்களுக்கென இருந்த ஏழு பள்ளிகளில் ஹோவர்டு, மெஹாரி என்னும் இரண்டே எஞ்சின. மூடியவர்கள், அம்மக்கள் பயில மாற்றுப் பள்ளிகளைத் திறந்தார்களா? இல்லை. நம் நாட்டிலும் பட்டப் படிப்பைவிடக் குறுகிய எல்.எம்.பி. படிப்பு இருந்தது. சிற்றூர்களில் நாடி பார்த்தவர்களில் பலர் அதைக் கற்றவர்களே. போர் குழு 1946இல் தந்த அறிக்கை, ஒரே வகைப் பட்ட மருத்துவர்தான் வேண்டும் என்றது. குழுவினுள்ளேயே சிலர் மாறுபட்டனர். எல்.எம்.பி. மறைந்தது. படிப்பு நீண்டது, செலவும் நீண்டது. ஏழையின் கை மட்டும் நீளவில்லை.

இந்தக் கதவுகளை அகலத் திறக்க எழுந்ததே வகுப்புவாரி உரிமை ஆணை. 1928இல் அரசுப் பணியில் நடைமுறைக்கு வந்த அந்நெறி, கல்லூரிகளுக்கும் விரிந்தது. விடுதலை பெற்ற நாளில் 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டோருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, பிராமணருக்கு 2, கிறித்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பகுக்கப்பட்டிருந்தது. எவரும் விலக்கப்படவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கு இந்த மருத்துவக் கல்லூரி இடங்களைப் பற்றியதே. 1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்வாணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தெழுந்தது; பெரியார் போர்ப்பரணி பாடினார். அவ்வாண்டு ஜூன் திங்களிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15(4) பிறந்தது. உரிமையற்ற உடல் கல்லூரிக்குள் செல்லச் சட்டம் வந்த அதே 1951இல், உயிரோடிருக்கும் ஏழை அதற்குள் செல்லும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. என்னே விந்தை!

தொலைவும் ஒரு கதவுதான். 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி எழும்வரை, திண்டுக்கல் மாணவனுக்கு அரசுக் கல்லூரி என்றால் சென்னைதான். 2022 ஜனவரி 12ஆம் நாள் திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 150 இடங்கள். மலைக்கோட்டை தெரியும் தொலைவில் மருத்துவக் கல்லூரி! கனவு நம் வாசலுக்கே வந்துவிட்டது.

ஆனால் வாசலில் இன்னொரு தாழ்ப்பாள்! 1984இல் தமிழகத்தில் நுழைவுத் தேர்வு வந்தது. 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீங்கிற்று. 2017இல் 'நீட்' என்னும் பெயரோடு தில்லியிலிருந்து திரும்பியது. பள்ளியில் பன்னிரண்டாண்டு கற்றது ஒருபுறம். பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிப் பழகியது மறுபுறம். 180 வினா, 720 மதிப்பெண், ஒரே பகல். நோயாளியின் முகம் பார்த்துப் பேசத் தெரியுமா, சிற்றூரில் தங்கிப் பணிபுரியும் உள்ளம் உண்டா என்பதை அது கேட்பதில்லை. அரசுப் பள்ளி மாணவர் நுழைவது அரிதாகிவிட்டதைக் கண்டே, 2020இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்களைத் தமிழக அரசு சட்டமியற்றி ஒதுக்கியது.

அவ்வாறு நுழைந்தவர்கள் உள்ளே என்ன காண்கிறார்கள்? ஆங்கிலத்தில் தடித்த நூல்கள்! தமிழில் பயின்ற பிள்ளைக்கு உடற்கூறு ஒரு பாடம், ஆங்கிலம் இன்னொரு பாடம். ஒரே நேரத்தில் இரட்டைச் சுமை. அவர் தடுமாறினால், "தகுதி இல்லை என்று அன்றே சொன்னோமே" என்று கைகொட்டுவோர் காத்திருக்கிறார்கள். கதவைத் திறந்ததோடு நம் கடமை முடிந்ததா? முடியவில்லை, தோழர்களே! கிறீன் தொகுத்தாரே கலைச்சொற்கள், அத்தகைய தமிழ்த் துணைநூல்கள் வேண்டும். முதலாண்டில் மாலைதோறும் மொழிப் பயிற்சி வேண்டும். மூத்த மாணவர் இளையவர்க்குத் தோள் தர வேண்டும். நம் மன்றங்களும் படிப்பகங்களும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும்.

மருத்துவக் கல்வி எளிதென்று எந்தப் பிள்ளையையும் ஏமாற்ற வேண்டாம். கடினம் என்றே சொல்வோம். ஆனால் உண்மையான கடினம் எது, ஊரார் கட்டிவைத்த கடினம் எது என்று பிரித்துச் சொல்வோம். முன்னதை உழைப்பால் வெல்ல வேண்டும். அது மாணவன் கடமை. பின்னதைப் போராடித் தகர்க்க வேண்டும். அது நம் கடமை. பிணத்தைத் தொட்டால் தீட்டு என்ற பொய்யை ஒரு கத்தி அறுத்தது. ஏழைக்கு மருத்துவ மூளை இல்லை என்ற பொய்யை, சின்னாளப்பட்டித் தறிக்கூடத்திலிருந்து புறப்படும் ஒரு பெண் நாளை அறுப்பாள்.