சிங்கப்பூர் ஆற்றங்கரைப் படகுத்துறைகள்

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் உள்ள போட் கீ, கிளார்க் கீ, ராபர்ட்சன் கீ ஆகியவை முன்னர் சரக்குத் துறைகளாக இருந்து, பின்னர் புதுப்பிக்கப்பட்ட சுற்றுலாப் பகுதிகள் ஆகும்.

வரலாறு

1819 இல் ஆங்கிலேயர் குடியேற்றம் அமைத்தபின் இங்கு வணிகம் வளர்ந்தது. கப்பல்களில் வந்த சரக்குகள் படகுகள் மூலம் கரையோரக் கிடங்குகளுக்குக் கொண்டுவரப்பட்டன. தொடக்க காலப் படகோட்டிகளுள் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் மிகுந்திருந்தனர். பின்னர் சீனர் முதன்மை பெற்றனர். அருகிலுள்ள மார்க்கெட் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கிகள் அமைத்து வட்டித்தொழில் நடத்தினர்.

தூய்மையாக்கம்

மாசடைந்த ஆற்றைப் பத்தாண்டுகளில் தூய்மையாக்க வேண்டும் என 1977 இல் பிரதமர் லீ குவான் யூ பணித்தார். பன்றிப் பண்ணைகள், தெருவோர உணவுக் கடைகள், குடிசைகள் ஆகியவை அகற்றப்பட்டன. 1983 இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. 1987 இல் பணி நிறைவுற்றது. ஆறு தூய்மை பெற்றது. ஆனால் அதற்கு உயிரூட்டிய படகுத் தொழில் அங்கிருந்து மறைந்தது.

காணத்தக்கவை

போட் கீ 1989 இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதன் பழைய கடைவீடுகள் பல இன்று உணவகங்களாக உள்ளன. கேவனா பாலம், ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம் ஆகியவை அருகில் அமைந்துள்ளன. செட்டியார், சுமைகூலிகள் ஆகியோரின் உருவங்களைக் கரையோரச் சிற்பங்களில் காணலாம். பழைய சரக்குப் படகின் வடிவிலான படகுகளில் பயணிகள் ஆற்றைச் சுற்றி வரலாம். 2008 இல் மரீனா அணை கட்டி முடிக்கப்பட்டபின் இவ்வாறு நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாயிற்று.